பல பூங்காக்கள், ஒரே கண்காணிப்புத் திட்டம்: பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

ஒரு வட்டாரத்தில் ஏழெட்டுப் பூங்காக்கள். ஒன்று மலைக்காடு, ஒன்று புல்வெளி, ஒன்று கடலோரச் சதுப்பு, இன்னொன்றில் பழைய கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மரங்களும். இவற்றில் தண்ணீரும் மரமும் பறவையும் விலங்கும் எப்படி மாறி வருகின்றன என்று ஆண்டுக்காண்டு பார்த்துச் சொல்ல ஒரு திட்டம் வேண்டும். பணம் ஒதுக்கியாகிவிட்டது, அது போதாது என்பதும் தெரிந்துவிட்டது. திட்டத்தை நடத்தப் போகிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு எதை அளப்பது என்பதல்ல. யார் அளப்பது, அளந்தது யார் வசம் இருப்பது என்பதுதான். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மற்றதைப் பேசினால், பேசியதையெல்லாம் பிறகு ஒருமுறை திரும்பப் பேச வேண்டி வரும்.

வழிகள் நாலு. அந்தந்தப் பூங்காவே தன் ஆட்களை வைத்துச் செய்துகொள்ளலாம். வட்டாரத்துக்கென ஒரு தனிக் குழு அமைத்து, அது எல்லாப் பூங்காக்களுக்கும் போய்வரலாம். பல்கலைக்கழகத்திடமோ ஆய்வு நிறுவனத்திடமோ ஒப்பந்தத்துக்கு விடலாம். தன்னார்வலர்களைத் திரட்டலாம். நடைமுறையில் யாரும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. ஆனால் எது முதுகெலும்பு, எது துணை என்று தீர்மானித்தே ஆக வேண்டும்.

செலவை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு அது இரண்டாவது கேள்வி. இன்று வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் மாறிப் போன பிறகும், வேறு ஒருவர் இந்த எண்களை எடுத்துப் பழையதோடு புதியதை ஒப்பிட முடியுமா என்பது முதல் கேள்வி. ஒரு பறவையினம் ஆண்டுக்கு 3 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் அது யார் கண்ணிலும் படாது. மழை இரண்டு வாரம் தள்ளிப் பெய்தால் வரும் ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரிது. 10 ஆண்டுகளில் அந்த இனத்தில் கால்வாசிக்கும் மேல் போயிருக்கும். ஆகவே கண்காணிப்பு பலன் கொடுக்கத் தொடங்குவதே பத்தாவது ஆண்டு வாக்கில்தான். அதற்குள் மேலாளர் மாறியிருப்பார், களப்பணியாளர்கள் பலமுறை மாறியிருப்பார்கள், கணினியும் கருவியும் மாறியிருக்கும். இத்தனை மாற்றத்தையும் தாங்காத ஏற்பாடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூங்காவே செய்துகொள்வது

இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பூங்கா ஊழியருக்கு இடம் தெரியும். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தப் பாதை முதல் மழைக்கே அடைபடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தினமும் போகிற வழியிலேயே அளவெடுத்துவிட்டு வரலாம், வண்டிச் செலவு மிச்சம். தான் அளந்த எண்ணைத் தானே பயன்படுத்துவதால் அக்கறையும் இருக்கும்.

ஆனால் பூங்கா ஊழியருக்கு இது பத்தோடு பதினொன்று. காட்டுத் தீ வந்தால் அளவெடுப்பு நிற்கும், நிற்கத்தான் வேண்டும். வெள்ளம் வந்தாலும், பார்வையாளர் யாரேனும் காணாமல் போனாலும் அப்படித்தான். தொல்லை என்னவென்றால், எந்த ஆண்டுகளில் நிலம் பெரிதாக மாறுகிறதோ அந்த ஆண்டுகளில்தான் படிவம் வெறுமையாக இருக்கும்.

இரண்டாவது சிக்கல், பூங்காவுக்குப் பூங்கா கை மாறுவது. மரத்தின் பருமனை எடுத்துக்கொள்வோம். மார்பு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மார்பு உயரம் அமெரிக்காவிலும் இந்திய வனத்துறைகளிலும் 1.37 மீட்டர், ஐரோப்பாவிலும் வெப்பமண்டல ஆய்வுகள் பலவற்றிலும் 1.3 மீட்டர். ஒரு பூங்காவில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவைக் குறிக்கிறார்கள், அடுத்ததில் விட்டத்தை. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்ப்பவரும் உண்டு, பள்ளத்துப் பக்கத்திலிருந்து பார்ப்பவரும் உண்டு. ஒவ்வொரு வித்தியாசமும் சின்னதுதான். ஆனால் மெதுவாக வளரும் மரம் ஐந்தாண்டில் பருப்பதும் அதே சின்ன அளவுதான். நாடா ஏழு சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே மரம் ‘வளர்ந்துவிடும்’. பூங்காக்களைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் உட்காரும்போது, காடு மாறியிருக்கிறதா, நாடா மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியாமல் போகும்.

மூன்றாவதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் யாருக்குக் கெட்ட பெயரோ, அவரிடமே எண்ணச் சொல்வது. இந்தியாவில் புலிகளைக் காலடித் தடம் வைத்துப் பல பத்தாண்டுகள் எண்ணினார்கள். தடத்தைப் பார்த்தே இது இன்ன புலி என்று அடையாளம் சொல்ல முடியும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. எண்ணுவதும் அந்தந்தக் காப்பகத்து ஊழியர், கணக்குக் கொடுப்பதும் அவரே. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2004 முடிந்து 2005 பிறக்கும்போது அங்கே ஒரு புலிகூட இல்லை என்பது வெளியே வந்தது. அதன் பிறகுதான் 2005இல் புலிப் பணிக்குழு, அடுத்துத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், 2006 முதல் நாலாண்டுக்கு ஒருமுறை புதிய முறைக் கணக்கெடுப்பு எல்லாம் வந்தன. சரிஸ்கா ஊழியர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. சரிபார்க்க இரண்டாவது கண் இல்லாத ஏற்பாடு அது.

இங்கே ஒரு கிளைக்கதையும் உண்டு. 2001–02இல் பழைய முறையில் வந்த எண் 3,642. புதிய முறையில் 2006க்கான மதிப்பீடு 1,411. அதில் சுந்தரவனம் சேரவும் இல்லை. 2022க்கான சராசரி மதிப்பீடு 3,682. மூன்றையும் ஒரு வரைபடத்தில் போட்டால், பாதாளத்தில் விழுந்து பழைய உயரத்துக்கே ஏறி வந்த அழகான கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் முதல் பாதிக்கு எந்த அர்த்தமும் இல்லை. முறை மாறிய இடத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கழித்துப் பார்க்கக் கூடாது. வட்டாரத் திட்டத்தை ஏற்கும் எவரும் முதல் மாதத்தில் தேட வேண்டியது, பழைய கோப்புகளில் இந்த மாதிரி முறிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

பூங்காவே செய்து வெற்றி பெற்ற கதையும் இருக்கிறது. கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் உள்ள சேனல் தீவுகள் தேசியப் பூங்கா 1980இல் உருவானது. அங்குள்ள இயற்கை வளங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்று அதை உருவாக்கிய சட்டமே சொன்னது. கடலடிப் பாசிக் காடுகளை 1982இலிருந்து ஆண்டுதோறும் அளக்கிறார்கள். 1990களில் தீவு நரிகளையும் அளக்கத் தொடங்கினார்கள். சான் மிகேல் தீவில் 1994 வாக்கில் சுமார் 450 வயது வந்த நரிகள் இருந்தன, 1999இல் 15. தீவுகளில் விடப்பட்டுப் பெருகிய பன்றிகளின் குட்டிகளைத் தேடிப் பொன்னாங்கழுகுகள் வந்து தங்கி, நரிகளையும் தூக்கிக்கொண்டிருந்தன. எண் கையில் இருந்ததால் காரணத்தைத் தேடினார்கள், மிச்சமிருந்த நரிகளைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள், கழுகுகளை இடம் மாற்றினார்கள், பன்றிகளை ஒழித்தார்கள். 2004இல் அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலில் சேர்ந்த அந்த நரிகள் 2016இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பூங்காவில் அளப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், சட்டத்தின் பிடியும் இருந்தது. வேலி போடுகிறவரையே வெள்ளிக்கிழமை மதியம் நரி எண்ணச் சொல்லவில்லை.

வட்டாரக் குழு

இந்த வழியைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை. 1998இல் வந்த ஒரு சட்டம் பூங்கா நிர்வாகம் அறிவியல் அடிப்படையில் நடக்க வேண்டும், வளங்களின் நிலையைக் கணக்கெடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்றது. 1999இல் அறிவித்த ஒரு திட்டத்தின் வழியே பணம் வரத் தொடங்கியது. 270க்கும் மேற்பட்ட பூங்காக்களை 32 வலையமைப்புகளாகப் பிரித்தார்கள். நிர்வாக எல்லையை மட்டும் பார்க்காமல், நிலமும் உயிரினமும் ஒத்துப் போகிற பூங்காக்களை ஒன்றாகக் கட்டினார்கள். வட அலாஸ்காவின் ஆர்க்டிக் வலையமைப்பில் 5 பூங்காக்கள். கொலராடோ பீடபூமியின் தென்பகுதியில் 19. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளர், சூழலியலாளர், தரவு மேலாளர், பருவகாலக் களப்பணியாளர்கள். மேலே பூங்காத் தலைவர்களைக் கொண்ட ஒரு நிர்வாகக் குழு, பக்கத்தில் ஒரு தொழில்நுட்பக் குழு.

பெரிய பூங்காவைவிடச் சின்னப் பூங்காவுக்குத்தான் இதில் லாபம். ஒரு கோட்டையைச் சுற்றிய சின்னப் பூங்கா தனியாக ஒரு நீரியல் வல்லுநரை வேலைக்கு வைக்கவே முடியாது. பத்துப் பூங்காக்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரே கை எல்லா இடத்திலும் அளப்பதால், ஒரு பூங்காவில் நடப்பது அந்த இடத்துச் சங்கதியா, வட்டாரம் முழுக்க நடப்பதா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. இது சாதாரண விஷயமில்லை. ஓடைநீர் ஒரு பூங்காவில் மட்டும் சூடாகிறது என்றால் மேலே எங்கோ நிழல் மரம் போயிருக்கலாம். எட்டிலும் சூடாகிறது என்றால் தேட வேண்டிய இடமே வேறு.

எல்லையைத் தாண்டிப் போவதும் வட்டாரக் குழுவுக்கு எளிது. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் வெண்பட்டைப் பைன் மரங்களைக் கொப்புளத் துரு நோயும் பட்டை வண்டும் தாக்குவதை 2004 முதல் அளந்து வருகிறார்கள். மரம் பூங்கா எல்லையைப் பார்த்து முளைப்பதில்லையே. அதனால் பூங்காத் துறை, வனத்துறை, நில மேலாண்மைத் துறை எல்லாம் சேர்ந்து ஒரே கையேட்டை வைத்து அளக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த தகடு. நிலத்துண்டுகளைத் தொகுதிகளாகப் பிரித்து முறைவைத்துப் போகிறார்கள். 2022 டிசம்பரில் அந்த மரம் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் நிலையைச் சொல்ல இத்தனை ஆண்டுத் தொடர் பதிவு கையில் இருந்தது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. முதலாவது, தொடங்கவே காலம் பிடிக்கும். அமெரிக்க வலையமைப்புகள் மூன்று கட்டமாகத் திட்ட அறிக்கை எழுதி, வெளியாரிடம் மதிப்பாய்வுக்குக் கொடுத்து, அப்புறம்தான் களத்தில் முழுதாக இறங்கின. இதற்குச் சில ஆண்டுகள் ஆயின. பணம் கொடுத்தவர் மூன்றாம் ஆண்டில் “என்ன கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டால் காட்ட ஒரு தடிமனான திட்ட அறிக்கைதான் இருக்கும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து அவசர அவசரமாக எதையாவது அளக்கப் போகாமல் இருப்பதுதான் மேலாளருக்குச் சோதனை.

இரண்டாவது, தூரம். ஆர்க்டிக் பூங்காக்களுக்குச் சாலையே இல்லை. சிறு விமானத்தில்தான் போக வேண்டும். பணத்தில் கணிசமானது அளப்பதற்கு அல்ல, அளக்கிற இடத்துக்குப் போவதற்கே போகும்.

மூன்றாவதுதான் அதிகம் கடிக்கிறது. வட்டாரக் குழு பருவத்தில் பத்து நாள் வந்து போகும் விருந்தாளி ஆகிவிடும். பூங்கா ஊழியர்களுக்கு அவர்கள் யார், எதைத் தேடி வந்தார்கள் என்பதே தெரியாது. அறிக்கை பதினெட்டு மாதம் கழித்து வரும், வந்து அலமாரியில் தூங்கும். இதற்கு மருந்து பெரிய அறிக்கை அல்ல. பருவம் முடிந்த ஒரு மாதத்துக்குள் இரண்டே பக்கத்தில் ‘இந்த ஆண்டு உங்கள் பூங்காவில் பார்த்தது’ என்று ஒரு குறிப்பு. பூங்காவிலிருந்து ஒருவராவது ஒவ்வொரு முறையும் உடன் வருவது. நிர்வாகக் குழுவில் உட்காரும் பூங்காத் தலைவர்கள் “என் பங்குப் பணம் எனக்கு எவ்வளவு திரும்பி வந்தது?” என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவதும் இப்படித் தொடர்பு அறுந்த இடத்தில்தான். பெரிய பூங்கா ஒன்று விலகினால் மொத்த வலையும் தளரும்.

ஆய்வு நிறுவனமும் தன்னார்வலரும்

ஆய்வு நிறுவனத்தின் பலம் பொறுமையும் நுணுக்கமும். முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் நிறுவனம் அமைத்த 50 ஹெக்டேர் நிலத்துண்டு இதற்கு நல்ல சாட்சி. மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள குச்சியிலிருந்து பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண். எது செத்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று ஆண்டுதோறும் கணக்கு. நாலாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றின் பருமனும் அளவு. தீயும் வறட்சியும் யானையும் ஒரு வறண்ட காட்டை எப்படி வடிவமைக்கின்றன என்று இன்று பேச முடிவதற்கு இந்த மாதிரி விடாப்பிடியான அளவெடுப்பு காரணம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்திலிருந்து நடப்பதும் இதே வகை.

ஆனால் இவை ஒரு கேள்விக்கு, ஒரு இடத்தில், அதற்கென வாழ்க்கையைக் கொடுத்த அறிவியலாளர்கள் இருந்ததால் நடந்தவை. எட்டுப் பூங்காவுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் இது நடக்காது. ஆய்வு மாணவர் ஒருவர் வருவார், திறமையாகச் செய்வார், பட்டம் வாங்கிப் போவார். அடுத்து வருகிறவருக்கு வேறு கேள்வி வேண்டும். முன்னவர் செய்ததையே திரும்பச் செய்தால் அவருக்குப் பட்டம் கிடைக்காது. கண்காணிப்பு என்பதோ செய்ததையே திரும்பச் செய்வது. இந்த இழுபறி யாருடைய தவறும் இல்லை, இரண்டு வேலையின் இயல்பே அப்படி. அதனால் நிறுவனத்திடம் நான் கொடுக்க விரும்புவது தொடக்கமும் நடுநடுவே வரும் சோதனையும்: கையேட்டை எழுத உதவுவது, எத்தனை இடங்களை அளந்தால் எவ்வளவு மாற்றம் பிடிபடும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தரவைப் பிரித்துப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேள்வி கேட்பது. நீர்ப்பூச்சி, பாசி இனங்களை அடையாளம் காண்பதும் தண்ணீரில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து மீன் தேடுவதும் அவர்கள் ஆய்வகத்துக்கே உரியவை. ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: களப் படிவத்தின் நகல், திருத்தாத மூலத் தரவு, அதைச் சுத்தம் செய்த கணினி நிரல், புகைப்படம் எல்லாம் பருவம் முடிந்ததும் திட்டத்தின் கைக்கு வர வேண்டும். கட்டுரை வெளியான பிறகு தருகிறோம் என்றால் பல நேரம் வராமலே போகும்.

தன்னார்வலர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை அதே பாதையில் நடந்து பட்டாம்பூச்சி எண்ணுகிறார்கள். கேரளப் பறவை வரைபடத் திட்டம் 2015இலிருந்து 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் தேர்ந்த சிறு கட்டங்களுக்கு ஆட்களை அனுப்பி முடித்தது. இரண்டிலும் வெற்றியின் ரகசியம் ஆர்வம் மட்டும் அல்ல. எங்கே போக வேண்டும் என்பதை ஆர்வலரின் விருப்பத்துக்கு விடாததுதான். விட்டால் எல்லோரும் சாலையோரத்துக்கும் ஏரிக்கரைக்கும் போவார்கள். பறவை, பட்டாம்பூச்சி, பூக்கும் காலம், குறித்த இடத்திலிருந்து எடுக்கும் நிலக்காட்சிப் படம் ஆகியவற்றுக்குத் தன்னார்வலர் அருமை. தொலைதூரக் காட்டுக்கும் நீர் வேதியியலுக்கும் கள்ளவேட்டைக்காரர் தேடும் இனங்களின் இருப்பிடத்துக்கும் வேண்டாம்.

இடமும் இடைவெளியும்

யார் என்பதைத் தீர்மானித்த கையோடு அடுத்த ஒப்பீடு வந்து நிற்கும். ஒரே இடங்களுக்கு ஆண்டுதோறும் போவதா, ஒவ்வோர் ஆண்டும் புது இடங்களுக்குப் போவதா? ஒரே இடத்துக்குப் போனால் மாற்றம் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த இருபது இடங்களைத் தவிர மற்ற காடு எப்படி இருக்கிறது என்று தெரியாது. புது இடங்களுக்குப் போனால் காடு முழுவதையும் பற்றிப் பேசலாம். ஆனால் போன ஆண்டைவிடக் குறைந்திருப்பது மாற்றத்தாலா, இடம் வேறானதாலா என்று குழம்பும். இரண்டுக்கும் நடுவே இருப்பது முறைவைத்துச் சுற்றிவருவது. 60 இடங்கள் என்றால் 10 இடங்களுக்கு ஆண்டுதோறும் போவது. மீதி 50ஐ ஐந்து தொகுதியாக்கி, ஆண்டுக்கு ஒரு தொகுதி. ஆண்டுக்கு 20 இடங்களில்தான் வேலை, ஐந்தாண்டில் 60 இடமும் முடிந்துவிடும். எனக்கு இதுதான் பிடிக்கிறது, ஒரு நிபந்தனையோடு: இடங்களைக் குலுக்கல் முறையில், ஆனால் நிலப்பரப்பில் ஒரே பக்கம் குவியாமல், தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ‘நல்ல இடமாகப் பார்த்து’ தேர்ந்தால் எல்லாம் கெட்டது. நல்ல காட்டில் தொடங்கினால் அது கெடுவது மட்டும்தான் கண்ணில் படும். கெட்ட காடு தேறுவது படாது.

எட்டவே முடியாத செங்குத்துச் சரிவு குலுக்கலில் வந்தால்? முதலிலேயே ‘இன்ன சரிவுக்கு மேல் போவதில்லை’ என்று எழுதி அந்த நிலத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அறிக்கையிலும் அந்த நிலத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு “சரி, கொஞ்சம் கீழே தள்ளி அளப்போம்” என்று களத்தில் முடிவெடுப்பதுதான் தவறு.

இடைவெளியை உயிரினம் தீர்மானிக்கட்டும். மரத்துக்கு ஐந்தாண்டு இடைவெளி தாராளம். சான் மிகேல் தீவு நரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணியிருந்தால், 1994இல் ‘நன்றாக இருக்கிறது’, 1999இல் ‘15’ என்று இரண்டே வரி. இடையில் எந்த ஆண்டில் சரிவு தொடங்கியது, எதனால் என்று தேடப் பிடி இருந்திருக்காது. ஓடைநீரின் வெப்பத்தை ஆள் போய் அளப்பதில் பயனே இல்லை. மணிக்கொருமுறை பதியும் சிறு கருவியைப் பாறையில் கட்டிவிட்டு வர வேண்டும்.

எத்தனை விஷயங்களை அளப்பது என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ‘நீங்கள் நினைப்பதில் பாதி’. பட்டறையைக் கூட்டினால் ஒவ்வொருவரும் தன் துறையைப் பட்டியலில் ஏற்றுவார். நூறு வரி சேரும். அதிலிருந்து பத்துக்கு இறங்குவது மேலாளரின் வேலை, அதில் சில நண்பர்களை இழக்க நேரிடும்.

தரவு என்கிற வீட்டுக்காரர்

அளவெடுப்புக்கு இணையாகத் தரவைப் பார்த்துக்கொள்ளவும் செலவு ஆகும். மொத்தப் பணத்திலும் ஆள் நேரத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தரவைச் சரிபார்க்க, சேமிக்க, பகுத்துப் பார்க்க, எழுத ஒதுக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் அடிபட்டுக் கற்ற கணக்கு. கேட்பவர்களுக்கு இது அதிகமாகப் படும். ஒரு களப் படிவத்தை எடுத்துப் பாருங்கள், புரியும். ‘தவளை’ என்று ஒரு கட்டம், அது வெறுமையாக இருக்கிறது. தேடினார்கள், கிடைக்கவில்லையா? தேடவே இல்லையா? இருட்டிவிட்டதா? முதலாவது என்றால் அங்கே 0 இருந்திருக்க வேண்டும். எழுதியவரிடம் அந்த வாரமே கேட்டால் சொல்லிவிடுவார். அடுத்த ஆண்டு அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், அந்தக் கட்டம் நிரந்தரமாக ஊமையாகிவிடும். இப்படி நூறு கட்டங்கள் சேர்ந்தால் தவளை அழிந்ததா இல்லையா என்ற கேள்விக்கே பதில் போய்விடும்.

இந்தக் கோணத்தில் நாலு வழிகளையும் திரும்பப் பார்த்தால் வரிசை தெளிவாகிறது. பூங்காவில் தரவு அந்தந்த மேசைக் கணினியில் இருக்கும், மேசை மாறினால் போகும். நிறுவனத்தில் ஆய்வாளரிடம் இருக்கும், அவரோடு போகும். தன்னார்வத் தளங்களில் பத்திரமாக இருக்கும், ஆனால் நம் கேள்விக்கு ஏற்ற வடிவில் இருக்காது. வட்டாரக் குழுவில்தான் அதைப் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இருக்க முடியும். வட்டாரக் குழுவை நான் முதுகெலும்பாக வைக்கச் சொல்வது களத்திறமைக்காக அல்ல, இந்த ஒரு நாற்காலிக்காக. முதல் ஆளாக வேலைக்கு எடுக்க வேண்டியவரும் இந்தத் தரவு மேலாளர்தான். பெரும்பாலும் இவரைக் கடைசியாக எடுக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் வட்டாரக் குழுவே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. இந்தியப் புலிக் கணக்கெடுப்பின் புதிய முறையில் ஒரு நல்ல பங்கீடு இருக்கிறது. முதல் கட்டத்தில் வனக்காவலர்கள் தங்கள் பீட்டிலேயே, அதாவது தாங்கள் ரோந்து போகும் பகுதியிலேயே, நடந்து தடம், எச்சம், இரை விலங்கு, மனித நடமாட்டம் ஆகியவற்றைப் பதிவார்கள். பிறகு செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தின் தன்மை. அதன் பின் பயிற்சி பெற்ற உயிரியலாளர்களின் தானியங்கிக் கேமராக்கள், மையத்தில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் பகுப்பாய்வு. கோடுகளை வைத்துப் புலியை அடையாளம் காண்பதால், கேமரா சொல்வதை வேறொருவர் திறந்து பார்த்துச் சரிபார்க்கலாம். காவலரின் கால் போகாத இடத்துக்குக் கேமரா போகாது. கேமராவின் சாட்சி இல்லாமல் காவலரின் பதிவை மட்டும் வைத்து எண் சொல்வதில்லை. வட்டாரத் திட்டத்துக்கும் இதையே பரிந்துரைப்பேன்: அடிக்கடி, எளிதாக, ஒரே மாதிரி செய்யக்கூடியது பூங்கா ஊழியரிடம், நுணுக்கமானதும் ஒப்பிட வேண்டியதும் வட்டாரக் குழுவிடம், சோதிப்பதும் கேள்வி கேட்பதும் நிறுவனத்திடம்.

பூங்காக்கள் இரண்டு மூன்றுதான், அவையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றால் இந்த ஏற்பாடு அதிகப்படி. அப்போது பெரிய பூங்காவில் அளப்பதற்கென்றே இரண்டு பேரை வைத்து, மற்றவை அவர்களிடம் கடன் வாங்கிக்கொள்வது போதும். பூங்காக்கள் இருபதைத் தாண்டினால் ஒரே குழு திணறும், பிரிப்பது நல்லது.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு ஆண்டு பணம் வெட்டப்படும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற தீர்வு, அதுதான் மோசமானதும்கூட. ஒவ்வொன்றிலும் இடங்கள் குறைந்தால் எதிலுமே மாற்றம் பிடிபடாத நிலை வரும், ஆனால் செலவு தொடரும். முதலில் மெதுவாக மாறுபவற்றின் இடைவெளியை நீட்டுங்கள்: மரத்தை ஐந்தாண்டுக்குப் பதில் எட்டாண்டுக்கு ஒருமுறை அளந்தால் பெரிய நட்டமில்லை. அதுவும் போதவில்லை என்றால் ஒரு அளவெடுப்பை முழுவதுமாக மூடுங்கள். மூடும் முன் கடைசியாக ஒரு முழுச் சுற்று அளந்து, அளந்த நிலத்துண்டுகளின் மூலைகளில் நட்ட கம்பிகளைப் பிடுங்காமல் விட்டு, அவற்றின் ஆயத்தொலைவுகளையும் கையேட்டின் கடைசிப் பதிப்பையும் தரவோடு சேர்த்து வைத்துவிடுங்கள். பணம் திரும்பி வரும்போது, மூடியதைத் திறப்பவர் நீங்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை.